யாழ்ப்பாணத்து வெக்கையில் சொக்கலேட் மூஸ்: வீட்டில் செய்யும் முறை

பிரெஞ்சு மொழியில் ‘மூஸ்’ என்றால் நுரை. உருக்கிய சொக்கலேட்டை அடித்த முட்டையின் நுரையோடு சேர்த்து, அந்த நுரை அடங்கிவிடாமல் குளிரில் இறுகவைத்துக் கரண்டியால் அள்ளி உண்ணும் இனிப்புக்கு அதனாலேயே இந்தப் பெயர் வந்தது. இதற்கு மாவு கிடையாது, போறணை தேவையில்லை, ஜெலற்றினும் வேண்டியதில்லை. எங்கள் சமையலறைகளுக்கு இது முற்றிலும் அந்நியமான வேலையும் அன்று. முட்டையைச் சீனியோடு நுரை பொங்க அடித்து, கொதிக்கும் கோப்பியை நூல்போல ஊற்றி, முட்டை திரண்டுவிடாமல் கலக்கி முட்டைக்கோப்பி போடத் தெரிந்த கைக்கு மூஸின் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். மற்றப் பாதி, எந்தப் பொருள் எந்தச் சூட்டில் இருக்கும்போது மற்றதோடு சேர வேண்டும் என்பதை அறிந்திருப்பது. யாழ்ப்பாணத்தில் மூஸ் செய்பவர் மிகுந்த கவனம் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் என் சித்தப்பா. பாரிசில் உணவகச் சமையலறைகளில் நீண்ட காலம் வேலை செய்தவர். எங்கள் ஊரவர் பலர் அங்கே பாத்திரம் கழுவுவதில் தொடங்கிச் சமையற்காரராக உயர்ந்ததுபோலவே அவரும் உயர்ந்தவர். ஒரு சித்திரை மாதம் ஊருக்கு வந்திருந்தபோது, அங்கே செய்வதுபோலவே எங்கள் வீட்டில் மூஸ் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பரிமாறுவதற்கு இருபது நிமிடங்களுக்கு முன் வெளியே எடுத்து மேசையில் அடுக்கினார். பாரிசில் அதுதான் முறை. குளிர் சற்றுத் தணிந்தால் சொக்கலேட்டின் மணம் விரியும். ஆனால் எங்கள் மேசையில் அந்த இருபது நிமிடத்தில் மூஸ் தளர்ந்து, கிண்ணத்தைச் சரித்தால் வழியும் கூழாகிவிட்டது. சுவையில் குறை இருக்கவில்லை, உருவந்தான் போய்விட்டது. அன்றிரவு இருவரும் இருந்து காரணத்தை அலசினோம். கீழே எழுதியிருக்கும் முறை, அந்த அலசலுக்குப் பிறகு பல தடவைகள் செய்து திருத்தி எடுத்தது.

சொக்கலேட்டுக்கு இறுக்கம் தருவது அதிலுள்ள கொக்கோ வெண்ணெய். அது ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகுகிறது. மனித உடலின் சூடு 37 பாகை என்பதால்தான் சொக்கலேட் வாயில் வைத்ததும் கரைகிறது. பாரிசில் ஒரு வீட்டின் உட்புறம் 20 பாகை அளவில் இருக்கும். அங்கே உருக்கிய சொக்கலேட் வெளியே வைத்தாலே சிறிது நேரத்தில் இறுகத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் பகல் வேளையில் 30 பாகை என்பது சாதாரணம். சித்திரை, வைகாசியில் அதையும் தாண்டும். ஆகவே எங்கள் சமையலறையில் உருகிய சொக்கலேட் தானாக இறுகாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் போனால்தான் இறுகும், வெளியே வந்தவுடன் தளரத் தொடங்கும். இது ஒரு தொல்லை. ஆனால் இதே வெக்கை ஒரு நன்மையையும் செய்கிறது. குளிர் நாடுகளில் குளிர்ந்த வெண்கருவைச் சொக்கலேட்டில் கலக்கும்போது, சொக்கலேட் சட்டென்று இறுகிச் சிறு துணுக்குகளாகி, மூஸ் மணல்போல நாவில் உரசும்; அது அங்குள்ளோர் அடிக்கடி சொல்லும் குறை. எங்கள் முட்டையும் பாத்திரமும் அறையின் சூட்டிலேயே இருப்பதால், கலக்கும் வேளையில் அவசரப்பட வேண்டியதில்லை. கலப்பது எங்களுக்கு எளிது, இறுகவைப்பதுதான் கடினம் என்று நினைவில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

தேவையான பொருட்கள்

ஆறு சிறு கிண்ணங்களுக்கான அளவு இது. கறுப்புச் சொக்கலேட் 150 கிராம், உப்பில்லாத பட்டர் 40 கிராம், முட்டை 4, சீனி 100 கிராம், கடுமையாக வடித்த கோப்பி 3 மேசைக்கரண்டி, தேசிப்புளி அரைத் தேக்கரண்டி, வனிலா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கிறீம் சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உணவகங்களில் கிறீம் சேர்த்துச் செய்யும் மூஸ் உண்டு. அது மென்மையாகவும் பால் மணத்தோடும் இருக்கும். ஆனால் பிரெஞ்சு வீடுகளில் தலைமுறையாகச் செய்துவரும் மூஸ் முட்டையையும் சொக்கலேட்டையும் மட்டுமே நம்பியது. எங்களுக்கும் அதுவே பொருந்தும். கிறீம் அடிபடுவதற்கு அதில் 30 வீதத்துக்குக் குறையாத கொழுப்பும் நல்ல குளிரும் வேண்டும். தகரத்தில் அடைத்து வரும் கிறீமில் பெரும்பாலும் அவ்வளவு கொழுப்பு இராது; 30 பாகைச் சமையலறையில் அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் எழும்பாது.

சொக்கலேட்டைத் தெரிவு செய்வதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. உறையின் பின்புறத்தை வாசியுங்கள். அதில் கொக்கோ வெண்ணெய் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு அல்லது தாவர எண்ணெய் என்று இருந்தால் அது கேக்கின் மேல் பூசுவதற்கு உதவும், மூஸுக்கு உதவாது. தாவரக் கொழுப்புச் சேர்ந்தது நாவில் மெழுகுபோலத் தங்கிவிடும். சமையல் சொக்கலேட் என்று கட்டியாக விற்கப்படுவதில் பல இவ்வகையைச் சேர்ந்தவை என்பதால், பெயரைப் பார்த்து வாங்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். கொக்கோ 60 முதல் 70 வீதம் வரை உள்ள சொக்கலேட் இந்த அளவுச் சீனிக்குச் சரியாக இருக்கும். 50 வீதமளவில் உள்ளது மட்டுமே கிடைத்தால் மஞ்சட்கருவோடு சேர்க்கும் 20 கிராம் சீனியை விட்டுவிடலாம். பாற்சொக்கலேட்டில் செய்தால் அளவுக்கு மீறித் தித்திக்கும். அது இறுகுவதும் குறைவு. சுவிசிலிருந்தோ பிரான்சிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து, எல்லோருக்கும் பங்கிட்ட பிறகும் அலுமாரியில் கிடக்கும் கறுப்புச் சொக்கலேட் கட்டி ‘கசக்கிறது’ என்று பிள்ளைகளால் ஒதுக்கப்பட்டிருக்கும். மூஸுக்கு அதைவிட நல்லது கிடையாது. வெக்கையில் உருகி மீண்டும் இறுகியதால் அதன் மேல் வெண்மையாகச் சாம்பல் படிந்ததுபோல இருந்தால் பழுதாகிவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். கொக்கோ வெண்ணெய் மேலே வந்து உறைந்திருப்பதுதான் அது. உருக்கினால் மறைந்துவிடும்.

முட்டை பற்றியும் ஒரு சொல். நான்கு முட்டை என்றது பண்ணை முட்டையை. ஓட்டோடு 55 முதல் 60 கிராம் வரை நிறை உடையது. ஊர்க்கோழி முட்டை சிறியது என்பதால் ஐந்து தேவைப்படும். வெள்ளை குறைவாகவும் மஞ்சள் பெரிதாகவும் இருக்கும் அந்த முட்டையில் செய்த மூஸ் சற்றுக் கனமாக வரும். ஆனால் நிறமும் மணமும் சிறப்பாக இருக்கும். நான் இரண்டிலும் செய்திருக்கிறேன், நுரைக்குப் பண்ணை முட்டையே மேல். எதுவானாலும் புதியதாக இருக்க வேண்டும்: தண்ணீரில் இட்டால் அடியில் கிடையாகப் படுக்கும் முட்டை புதியது, நிமிர்ந்து நிற்பது பழையது, மிதப்பதைத் தொடவே வேண்டாம்.

கோப்பியைச் சொக்கலேட்டின் கசப்பை ஆழப்படுத்துவதற்காகச் சேர்க்கிறோம். கோப்பியின் சுவை தனியாகத் தெரியக் கூடாது. எங்கள் வீடுகளில் இடித்து வைத்திருக்கும் கோப்பித்தூளில் மல்லியும் வேர்க்கொம்பும் கலந்திருப்பது வழக்கம். மழை நாளில் குடிப்பதற்கு அது அருமையானது, ஆனால் மூஸில் மல்லி மணம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வெறுங்கோப்பித் தூளில் வடித்து, மண்டி இல்லாமல் தெளிவாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டருக்குப் பதிலாக மாஜரீன் சேர்க்க வேண்டாம். சீனி பெரிய மணியாக இருந்தால் கிறைண்டரில் ஒரு சுற்றுச் சுற்றினால் விரைவாகக் கரையும். பனங்கட்டி சேர்க்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. மஞ்சட்கருவுக்குரிய 20 கிராம் சீனிக்குப் பதிலாக அதே நிறையில் பனங்கட்டியைச் சூடான கோப்பியில் கரைத்து வடித்துச் சேர்க்கலாம், மண் வாசனையோடு ஒரு புதுச் சுவை வரும். வெண்கருவுக்கு மட்டும் வெள்ளைச் சீனியையே பயன்படுத்துங்கள். இறுகிய பனங்கட்டித் துண்டை நேரடியாக உருகிய சொக்கலேட்டில் போடுவது ஒருபோதும் கூடாது. அதிலுள்ள ஈரம் சொக்கலேட்டைக் கெடுத்துவிடும்.

சொக்கலேட்டை உருக்குதல்

வேலையை அதிகாலையில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குச் செய்தால் இரவு முழுவதும் குளிரில் இருந்து மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரிமாறச் சரியாக இருக்கும்.

சொக்கலேட்டைக் கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு சட்டியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, அடுப்பை நிறுத்திவிட்டு, அதன் வாயில் பொருந்தி உட்காரும் ஒரு கோப்பையை மேலே வையுங்கள். கோப்பையின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. அதேவேளை இடைவெளி வழியாக ஆவி மேலே வரவும் கூடாது. சொக்கலேட்டையும் பட்டரையும் அதில் இட்டு, பாதி உருகிய பிறகு காய்ந்த மரக்கரண்டியால் மெல்லக் கிளறுங்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டிய அவசியமில்லை, கொதித்த தண்ணீரின் சூடே போதும். சொக்கலேட் 50 பாகைக்கு மேல் சூடேறினால் கருகல் சுவையும் சொரசொரப்பும் வரும்.

இந்த இடத்தில் நீரைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. சொக்கலேட் என்பது கொழுப்புக்குள் மிதக்கும் கொக்கோத் துகளும் சீனித் துகளும். அதில் ஓரிரு துளி நீர் விழுந்தால் சீனித் துகள்கள் அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, பளபளப்பாக இருந்த முழுச் சொக்கலேட்டும் ஒரு நொடியில் களிமண் உருண்டைபோல இறுகிவிடும். நான் முதன்முதல் தனியே செய்தபோது, சட்டியின் மூடியிலிருந்து வழிந்த ஆவித்துளி விழுந்து இப்படித்தான் ஆனது. கெட்டுப்போனது என்று அம்மா அதை எறியச் சொன்னார், எறியவும்பட்டது. பாரிசுக்குத் தொலைபேசியில் சொல்லி அழாத குறையாக இருந்தபோதுதான், எறிந்திருக்கத் தேவையில்லை என்று சித்தப்பா விளக்கினார். சில துளி நீர் சொக்கலேட்டை இறுக்கும். தாராளமான நீர் அதை மீண்டும் தளர்த்தும். ஈரம் போதிய அளவில் இருந்தால் ஒட்டிய சீனி முழுவதும் கரைந்து, கூழ்போல ஒழுங்காகிவிடும். ஆகவே அப்படி இறுகினால், மஞ்சட்கருவுக்கென்று வைத்திருக்கும் அந்த மூன்று மேசைக்கரண்டிக் கோப்பியைச் சூடாக்கி, ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஊற்றி விடாமல் கலக்குங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது கரண்டியில் சொக்கலேட் மீண்டும் வழுவழுப்பாகும். மஞ்சட்கருவை அதன்பின் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரோடு மட்டும் அடித்தால் போதும்.

நன்கு உருகிய பிறகு வனிலாவைச் சேர்க்காமல் கோப்பையை இறக்கி ஒரு புறம் வையுங்கள். வனிலாவும் நீர்த்தன்மை உடையதுதான். அதை மஞ்சட்கருவோடு சேர்ப்போம்.

மஞ்சட்கரு

முட்டைகளை உடைத்து வெள்ளையையும் மஞ்சளையும் பிரியுங்கள். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சிறு கிண்ணத்தின் மேல் உடைத்துப் பிரித்து, வெள்ளையில் மஞ்சள் சிந்தவில்லை என்று உறுதிசெய்த பிறகே பெரிய கோப்பையில் ஊற்றுங்கள். மஞ்சளில் உள்ள கொழுப்பு ஒரு துளி கலந்தாலும் வெள்ளை நுரைத்து எழும்பாது. நான்காவது முட்டையில் கைதவறி நான்கையும் இழக்க நேரிடும்.

இனி, பச்சை முட்டை பற்றிய கேள்வி. பழைய பிரெஞ்சு முறையில் முட்டையைச் சூடாக்குவதில்லை. ஆனால் எங்கள் ஊரில் முட்டை பெரும்பாலும் கடையிலும் வீட்டிலும் வெளியே, வெக்கையிலேயே இருக்கிறது. சல்மொனெல்லா என்னும் கிருமி முட்டையில் இருக்குமானால் அது பெருகுவதற்கு இந்தச் சூடு வசதியானது. பச்சை முட்டை சேர்ந்த மூஸைக் கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் நோயாளிகளும் உண்ணக் கூடாது. எங்கள் வீடுகளில் ஒரு இனிப்பைச் செய்தால் அப்பம்மா முதல் பேரப்பிள்ளை வரை எல்லோருக்கும் ஒரே தட்டத்தில்தான் போகும். அதனால் நான் மஞ்சளையும் வெள்ளையையும் 71 பாகைக்குச் சூடாக்கியே பயன்படுத்துகிறேன். இதற்கு ஒரு சமையல் வெப்பமானி தேவை. கண்ணாலோ கையாலோ 71 பாகையைத் தீர்மானிக்க முடியாது. சூடாக்குவதால் நுரையும் உறுதிப்படுகிறது என்பது வெக்கைப் பிரதேசத்தில் எங்களுக்குக் கிடைக்கும் கூடுதல் பயன்.

சட்டித் தண்ணீரை மீண்டும் சூடாக்கி, மெல்ல ஆவி எழும் அளவில் அடுப்பைத் தணித்து வையுங்கள். மஞ்சட்கருக்கள், 20 கிராம் சீனி, கோப்பி, வனிலா, உப்பு ஆகியவற்றை வேறொரு கோப்பையில் இட்டு அந்த ஆவியின் மேல் வைத்து, முட்டைக்கோப்பிக்கு அடிப்பதுபோலவே கைவிடாமல் அடியுங்கள். ஐந்து முதல் எட்டு நிமிடங்களில் அது வெளிறி, தடித்து, இரு மடங்காகப் பொங்கும். அகப்பையால் அள்ளி மேலிருந்து ஊற்றினால் நாடாபோல விழுந்து, மேற்பரப்பில் ஒரு கணம் தங்கி மறைய வேண்டும். வெப்பமானி 71 பாகை காட்டியதும் உடனே இறக்குங்கள். ஓரங்களில் முட்டைப்பொரியல்போலத் துணுக்குகள் தெரிந்தால் வடிதட்டில் வடித்துவிடலாம்.

அடித்த மஞ்சட்கரு முழுவதையும் ஒரே தடவையில் சொக்கலேட்டில் ஊற்றிக் கலக்குங்கள். சிறிது சிறிதாக ஊற்றுவது நல்லது என்று கை தானாகவே நினைக்கும். ஆனால் மேலே சொன்ன காரணத்தால் சிறிதளவு ஈரம் சொக்கலேட்டை இறுக்கிவிடும். முழுவதும் சேர்ந்ததும் கலவை பளபளப்பான தடித்த களிபோல ஆகும். இதை அப்படியே ஆறவிடுங்கள். எவ்வளவு ஆற வேண்டும் என்பதற்கு, குழந்தைக்குப் பால்மா கரைத்து மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்ப்பதுபோலச் செய்யுங்கள்: சூடாகவும் தெரியக் கூடாது, குளிராகவும் தெரியக் கூடாது. அதுவே 35 பாகை அளவு. வெண்கரு அடிப்பதற்குள் அந்தப் பதம் வந்துவிடும். இதைவிடச் சூடாக இருந்தால் வெண்கருவின் நுரை கரைந்து மூஸ் தண்ணீராகும்.

வெண்கரு

வெண்கரு அடிக்கும் பாத்திரம் கண்ணாடியாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கைத் தன்னிடம் வைத்திருக்கும். பிழிந்தெடுத்த தேசிக்காய்ப் பாதியால் பாத்திரத்தின் உட்புறத்தையும் பீற்றரின் கம்பிகளையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

நான்கு வெண்கருவோடு மிகுதி 80 கிராம் சீனி, தேசிப்புளி, நான்கு தேக்கரண்டி தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து, அதே ஆவிச் சட்டியின் மேல் வைத்து, அடிப்பக்கம் எங்கும் தங்காதவாறு துடுப்பால் விடாமல் கிளறுங்கள். ஒரு கணமும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அடியில் வெந்த முட்டை படியும். சீனியும் புளியும் சேர்ந்திருப்பதால்தான் வெண்கரு 71 பாகை வரை திரளாமல் தாங்குகிறது; ஆகவே இந்த முறையில் சீனியைக் குறைக்க வேண்டாம். 71 பாகையை அடைந்ததும் இறக்கிப் பீற்றரால் அடிக்கத் தொடங்குங்கள். முதலில் மெதுவாக, பெரிய குமிழிகள் சிறிதானதும் வேகத்தைக் கூட்டுங்கள். மின்பீற்றரில் ஆறேழு நிமிடங்கள் செல்லும். கையால் அடிப்பவர்கள் இருவர் மாறி மாறி அடிப்பதே நல்லது.

எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தச் சமையலின் நுட்பம். வடைக்கு உழுந்து அரைத்தவர்கள், கையால் அடித்து அடித்துக் காற்றேற்றிய மாவில் ஒரு துளியை நீரில் இட்டு அது மிதக்கிறதா என்று பார்ப்பார்கள். வெண்கருவுக்குச் சோதனை வேறு: பீற்றரை நிறுத்தி மேலே தூக்கினால் நுரை கூம்பாக எழுந்து, அதன் நுனி கிளிச்சொண்டுபோல வளைந்து நிற்க வேண்டும். நுனி நிற்காமல் விழுந்தால் இன்னும் அடிக்க வேண்டும். நுனி ஊசிபோல நேராக நின்று, நுரை பளபளப்பை இழந்து பஞ்சுப் பிசிறுபோலத் தெரிந்தால் மீறிவிட்டது. மீறிய நுரை சொக்கலேட்டோடு கலக்காது. வெள்ளைக் கட்டிகளாக நிற்கும், அவற்றை உடைக்க முயன்று கலக்கக் கலக்க உள்ளே இருந்த காற்றும் போய்விடும். ஆகவே சந்தேகம் வந்தால் முன்னதாகவே நிறுத்துங்கள். சற்று மென்மையான நுரையில் செய்த மூஸ் ஒருபோதும் ஏமாற்றியதில்லை.

நல்ல புதிய முட்டையை நம்பி, உடல்நலம் உள்ளவர்களுக்கு மட்டும் பழைய முறைப்படி செய்ய விரும்புவோர், வெண்கருவைச் சூடாக்காமல் தண்ணீரையும் விட்டுவிட்டு, 40 கிராம் சீனியோடு அடிக்கலாம். சீனி குறைவதால் சொக்கலேட்டின் கசப்பு முன்னே நிற்கும், நுரையும் இலேசாக இருக்கும்.

கலத்தல்

வெண்கருவில் கால்வாசியை எடுத்துச் சொக்கலேட் கலவையில் போட்டுத் தயங்காமல் நன்றாகக் கலந்துவிடுங்கள். இந்தப் பங்கின் நுரை அடங்கிப்போவதைப் பற்றிக் கவலை வேண்டாம்; தடித்த கலவையை இளக்குவதற்காகக் கொடுக்கும் பங்கு அது. மிகுதியை இரண்டு தடவைகளாகச் சேர்த்து, இப்போது கையை முற்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். அகன்ற தட்டையான அகப்பையை நடுவில் இறக்கி, அடியோடு ஒட்டிக் கொண்டுவந்து, பாத்திரத்தின் ஓரமாக மேலே எடுத்து, அடியிலிருந்ததை மேலே கவிழ்த்துவிடுங்கள். மற்றக் கையால் பாத்திரத்தைக் காற்பங்கு திருப்புங்கள். மீண்டும் நடுவில் இறக்குங்கள். சுழற்றிக் கலக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. வெள்ளைக் கோடுகள் மறையும் கணத்தில் நிறுத்துங்கள். மெல்லிய கோடு ஒன்றிரண்டு எஞ்சியிருந்தாலும் பாதகமில்லை. இதற்கு இருபதிலிருந்து முப்பது புரட்டல்களுக்கு மேல் தேவைப்படாது.

கலவை இப்போது அடித்த தயிரின் பதத்தில், கரண்டியிலிருந்து தளர்வாக விழும். இறுக்கமில்லையே என்று அஞ்ச வேண்டாம். குளிரில் கொக்கோ வெண்ணெயும் பட்டரும் உறையும்போதுதான் இறுக்கம் வரும்.

குளிரவைத்தலும் பரிமாறலும்

சிறு கண்ணாடிக் கிண்ணங்களிலோ தேநீர்க் கோப்பைகளிலோ மூஸை நிரப்புங்கள். எங்கள் வீட்டில் நான் சில்வர் தம்ளர்களையே விரும்புகிறேன். உலோகம் விரைவாகக் குளிரும், பரிமாறும்போதும் அந்தக் குளிரைக் கையில் உணர முடியும். கிண்ணங்களை முன்கூட்டியே அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. ஒரே பெரிய பாத்திரத்தில் வைத்தால் நடுப்பகுதி குளிர வெகுநேரம் செல்லும். வெக்கை நாட்டில் சிறு கிண்ணங்களே பாதுகாப்பானவை.

ஒவ்வொன்றையும் இறுக்கமாக மூடி வையுங்கள். கொழுப்பு அண்டை வாசனையை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. முதல் நாள் மீன்குழம்பும் வெட்டி வைத்த வெங்காயமும் இருக்கும் பெட்டியில் திறந்து வைத்த மூஸ் மறுநாள் எப்படி இருக்கும் என்பதை எழுத விரும்பவில்லை. உறைநிலைப் பெட்டிக்குள் வைத்து அவசரப்படுத்தவும் வேண்டாம். ஓரம் உறைந்து நடுப்பகுதி தளர்ந்திருக்கும். கீழ்த்தட்டில், கதவுக்கு அருகில் அல்லாமல் உட்புறமாக, ஆகக் குறைந்தது நான்கு மணி நேரம் இருக்கட்டும். ஒரு இரவு இருந்தால் சுவை ஒன்றுசேரும். மின்சாரம் தடைப்பட்டால் பெட்டியின் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி நான்கு மணி நேரம் வரை குளிரைத் தாங்கும். அதற்கு மேல் நீடித்தால் மூஸை உண்ணாமல் விடுவதே சரி. எவ்வாறாயினும் இரண்டு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

பரிமாறும்போது ஒவ்வொருவரும் வந்து அமர்ந்த பிறகே வெளியே எடுங்கள். ஐந்து நிமிடம் போதும். அதற்குள் மணம் எழும்பிவிடும், உருவமும் குலையாது. மேலே எதையாவது தூவ விரும்பினால் வறுத்து உடைத்த கஜு நன்றாகப் பொருந்தும், கொக்கோத் தூளும் பொருந்தும். மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பானை வெட்டி மேலே அடுக்கச் சிலருக்கு ஆசை வரும். நான் அதைச் செய்வதில்லை. அந்தப் பழத்தின் மணமும் கறுப்புச் சொக்கலேட்டின் மணமும் ஒன்றுக்கொன்று வழிவிடுவதில்லை. பழத்தைத் தனியே, தோலைச் சீவி, அதற்குரிய மரியாதையோடு உண்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

முட்டை சேர்க்காத நாட்களுக்கு

நல்லூர்க் கந்தன் திருவிழா நடைபெறும் 25 நாட்களும் எங்கள் பகுதியில் பல வீடுகளில் மச்சமும் முட்டையும் அடுப்பேறுவதில்லை. முட்டையே உண்ணாத குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் எர்வே தீஸ் சொக்கலேட்டையும் நீரையும் மட்டும் கொண்டு நுரை எழுப்பிக் காட்டினார். நீரும் கொக்கோ வெண்ணெயும் ஒன்றுகலந்த கலவையைக் குளிரக் குளிர அடித்தால், கிறீமில் பாற்கொழுப்புச் செய்யும் வேலையைக் கொக்கோ வெண்ணெய் செய்துவிடும்.

70 வீதக் கறுப்புச் சொக்கலேட் 225 கிராமை நறுக்கி, 200 மில்லிலீற்றர் தண்ணீரோடு சிறுதீயில் உருக்கிக் கலக்குங்கள். இனிப்பு வேண்டுமானால் இரண்டு மேசைக்கரண்டிச் சீனியை இதிலேயே கரைக்கலாம். அந்தப் பாத்திரத்தை, ஐஸ்கட்டியும் தண்ணீரும் நிறைந்த அகன்ற தாச்சிக்குள் இறக்கி வைத்து, பீற்றரால் அடித்துக்கொண்டே இருங்கள். வெகுநேரம் பானம்போலவே இருந்து, பிறகு திடீரென்று தடிக்கும். பீற்றரின் தடம் மேற்பரப்பில் நிற்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு உடனே கிண்ணங்களில் நிரப்புங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் மணல்போலத் திரிந்துவிடும். அப்படித் திரிந்தாலும் நட்டமில்லை: பாத்திரத்தை மீண்டும் சுடுநீரின் மேல் வைத்து முழுவதும் உருக்கி, மறுபடி ஐஸில் இறக்கி அடிக்கலாம். எவ்வளவு அடித்தும் தடிக்காவிட்டால் கொழுப்புப் போதவில்லை என்று பொருள். 25 கிராம் சொக்கலேட்டை மேலதிகமாக உருக்கிச் சேருங்கள். கல்லாக இறுகினால் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் சேர்த்து உருக்கித் தொடங்குங்கள். ஐஸ்கட்டி மட்டும் தாராளமாக இருக்கட்டும், எங்கள் வெக்கையில் அது நினைத்ததைவிட இரு மடங்கு வேகமாகக் கரைந்துவிடும்.